உராய்வு என்று சொன்னவன் எழுதுவது

தாயி,

வியாழக்கிழமை மத்தியானம் நீ போனை வைத்த பிறகு நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். "உப்புக் கொறையா? வாயத் தொறந்து சொன்னாத்தான என்ன?" என்று உன் அம்மா கோபித்துக்கொண்டாள். உப்பில் ஒரு குறையும் இல்லை. நீ சொன்ன வரியில்தான் குறை. "ஒரு வரிதான்ப்பா. டாக்டர் கொஞ்சம் கூடுதலா அழுத்திட்டாருன்னு எழுதிருவோம். அடுத்த மாடல்ல சரி பண்ணிக்கிடலாம்னு மேனேஜர் சொல்றாரு." திங்கட்கிழமை, நீங்கள் செய்திருக்கிற ஆபரேஷன் கருவியின் சோதனை அறிக்கையில் நீ கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். போட்டுவிட்டால் அடுத்த மாதம் உங்கள் கருவி முதன்முறையாக மனிதர் வயிற்றுக்குள் போகும் என்றாய். குரலில் சந்தோஷம் இருந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இல்லாவிட்டால் இவ்வளவு படித்த நீ, பத்தாம் வகுப்போடு நின்ற என்னிடம் அந்த ஒரு வரியைப் பற்றிச் சொல்லியிருக்கவே மாட்டாய்.

இன்றைக்குச் சனிக்கிழமை. நான் கடிதம் எழுதப்போகிறேன் என்றதும் உன் அம்மா, "யாருக்கு? கலெக்டருக்கு மனுவா?" என்று கேலி செய்தாள்.  இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்றில்லை. உன் மேனேஜரிடம் காட்டு. கூட வேலை பார்க்கிற பிள்ளைகளிடம் காட்டு. நம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் இன்றைக்குப் போர்மேனாக இருக்கிறவர்களும் படிக்கட்டும். ஒளித்து எழுதினால் இந்தக் கடிதத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்பது படிக்கப் படிக்க உனக்கே தெரியும்.

சித்திரையில் உன் கம்பெனிக்கு வந்திருந்தேனே, அதிலிருந்து தொடங்குகிறேன். என்னை ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்து, முழங்கை நீளத்துக்கு ஒரு கம்பியைக் கையில் கொடுத்தாய். பிடி என் கையில் இருந்தது, நுனியில் இருந்த சின்ன இடுக்கி பெட்டிக்குள் இருந்தது. உள்ளே ஒரு திராட்சை. வயிற்றைக் கிழிக்காமல் சின்னத் துளை போட்டு ஆபரேஷன் செய்கிற டாக்டர் இப்படித்தான், திரையைப் பார்த்துக்கொண்டே, கம்பி நுனியால் வேலை செய்வார் என்றாய். திராட்சையைத் தூக்கச் சொன்னாய். முதலாவதை நசுக்கினேன். இரண்டாவதையும் நசுக்கினேன். "முப்பது வருசம் வெடிமருந்தோட பழகுன கைன்னு பீத்திக்கிட்டீக!" என்று சிரித்தாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனால் உண்மையாகவே விரலுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. கண்ணுக்குத் திராட்சை தெரிகிறது, கைக்கு அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பித்தப்பையைப் பிடிக்கிற டாக்டருக்கும் இதே கதிதான் என்றாய்.

பிறகு ஒரு சுவிட்சைப் போட்டாய். திரையின் ஓரத்தில் பச்சையாக ஒரு கோடு எழுந்தது. நான் அழுத்த அழுத்த அது மஞ்சளாகி, சிவப்பை நெருங்கியது. மஞ்சளிலேயே நிறுத்தினேன். மூன்றாவது திராட்சை தோல்கூடக் கீறாமல் மேலே வந்தது. தலைமுடியைப் போல மெல்லிய கண்ணாடி இழை அந்த இடுக்கியின் தாடையில் ஒட்டியிருக்கிறது என்றாய். அதற்குள் வெளிச்சத்தை அனுப்புகிறீர்கள். அழுத்தம் பட்டால் இழை துளியளவு சுருங்குகிறது, திரும்பி வருகிற வெளிச்சத்தின் நிறம் இம்மி நகர்கிறது, அந்த நகர்வை வைத்து எவ்வளவு அழுத்தம் என்று கணக்கிடுகிறது. நுனியில் மின்சாரமே கிடையாது என்று நீ சொன்னதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். மருந்து அறைக்குள் கரண்டு கூடாது, இரும்பு கூடாது, செல்போன் கூடாது என்று தொண்டை கிழியக் கத்தியே வயதானவன் நான். ஆபத்தான இடத்தில் வெறும் வெளிச்சத்தை அனுப்பித் தொட்டுப் பார்க்கிறாள் என் மகள் என்று பெருமையில் கண் கலங்கியது. உன்னிடம் தூசி விழுந்துவிட்டது என்றேன்.

அந்தப் பெருமை கால்மணி நேரம்கூட நிலைக்கவில்லை. ஒரு டாக்டர் உங்கள் கருவியைப் பார்க்க வந்தார். இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று உன்னைக் கேட்டார். நீ என் பக்கத்தில் நின்றபடியே சொன்னாய்: "எங்க ஊர்ப்பக்கம் ஒரு அக்கா சார், அப்பா போர்மேனா இருந்த பட்டாசுக் கம்பெனியிலதான். புஸ்வாணத்துக்கு மருந்து திணிக்கும்போது கூடுதலா அழுத்திட்டாங்க. வெடிச்சு மூணு விரல் போயிருச்சு. இவ்வளவுதான் அழுத்தலாம்னு அவங்களுக்குச் சொல்ல ஒண்ணுமே இல்ல. அன்னைக்கு நினைச்சேன், இதை அளக்கணும்னு." டாக்டர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். என் கையில் அந்தக் கம்பி இருந்தது. திரையில் கோடு சிவப்புக்குப் போய் நின்றதை நீ கவனிக்கவில்லை. நான் அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று எனக்கே தெரியாது.

அந்த அக்கா, சண்முகத்தாய், அன்றைக்கு அழுத்தவில்லை, தாயி.

பதினாறு வருடமாக, நேற்றுவரை, இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவுக்கே இன்று காலை, அந்தக் கேலிக்குப் பிறகுதான் சொன்னேன். கேட்டதும் அவள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அப்போது நீ ஒன்பதாம் வகுப்பு. வெம்பக்கோட்டைப் பக்கம் இருந்த கம்பெனியில் நான் போர்மேன். தீபாவளி சீசன், லோடு ஏற்ற லாரி வாசலில் நிற்கிறது, ஆர்டரில் இன்னும் பாக்கி. கலந்த மருந்தை அன்றன்றைக்கே செலவழித்துவிட வேண்டும். மிச்சமானால் அழித்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைக்கவே கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இதுதான். முந்தின நாள் சாயங்காலம் மழை பிடித்ததால் வேலையை நிறுத்தினோம். இரண்டு தட்டு மருந்து மிச்சமாகிவிட்டது. மழை ஈரத்தில் அது கெட ஆரம்பிக்கும், உள்ளுக்குள்ளேயே சூடேறும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சாக்கைப் போட்டு மூடி வைத்தேன். காலையில் நானே எடுத்துக் கொடுத்தேன்.

சண்முகத்தாய் ஆமத்தூர்க்காரி. அந்தக் கம்பெனியிலேயே லேசான கை அவளுடையது. புஸ்வாணக் குழாயில் மருந்து செலுத்துகிற பெண்களுக்குள் அது பெரிய பேர். மற்றவர்கள் மரக்கட்டையால் நாலு தடவை தட்டுகிற இடத்தில் அவள் இரண்டு தடவைதான் தட்டுவாள், குழாய் சரியாக நிறைந்திருக்கும். போதும் என்பதை விரல் சொல்லிவிடும் என்பாள். அன்றைக்கு அவள் வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, "அண்ணாச்சி, மருந்து கதகதன்னு இருக்கு. ஒரு எட்டு வந்து தொட்டுப் பாருங்க" என்றாள். நான் லாரிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தேன். "வெயில் ஏறுதுல்லத்தா, எல்லாந்தான் கதகதன்னு இருக்கும். போயி முடிக்கிற வழியப் பாரு" என்றேன்.  அவள் உள்ளே போனாள். அறையில் அவளோடு வேலை பார்த்த மற்ற மூன்று பேரும் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தார்கள், அதனால் பிழைத்தார்கள். அந்த அறை அவள் ஒருத்தியோடு வெடித்தது. அவள் உயிரோடு வெளியே வந்ததற்குக் காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது.

விசாரிக்க வந்தவர் எப்படி நடந்தது என்று கேட்டார். நான், "அழுத்தித் திணிச்சிருப்பாக சார். உராய்வுதான்" என்றேன். அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. நம் பக்கத்தில் எந்த விபத்து நடந்தாலும் அந்த வார்த்தைதான் பேப்பரில் வரும், நீயும் படித்திருப்பாய். மருந்தில் உராய்வு ஏற்பட்டு என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதையும் தோண்ட மாட்டார்கள். உராய்வு என்றால் ஒரு கை. அந்தக் கை உள்ளே உட்கார்ந்திருந்தவளுடையது. மிச்ச மருந்தை மூடி வைத்த கையைப் பற்றி அந்த வார்த்தையில் ஒன்றும் இல்லை. நான் அதைச் சொன்னபோது அவள் மதுரை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். அவள் எழுந்து உட்கார்வதற்குள் ஊரெல்லாம் அவளுக்குக் கனத்த கை என்று பேர் வைத்துவிட்டது.

அந்த வாரம் வீட்டில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. "அழுத்துனா வெடிக்கும்னா, எம்புட்டு அழுத்துறோம்னு அந்த அக்காவுக்கு எப்படிப்பா தெரியும்?" படிக்கிற வேலையைப் பார் என்று உன்னை அதட்டினேன். நீ அடுக்களைக்குப் போய் அம்மாவின் தராசுத் தட்டில் கட்டைவிரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாய். கண்ணைத் திறந்து முள்ளைப் பார்த்தாய். மறுபடி கண்ணை மூடி அதே அளவு அழுத்தப் பார்த்தாய், வரவில்லை. மறுபடியும் அழுத்தினாய். நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். வேலை போயிருக்கும், ஒருவேளை ஜெயிலுக்கும் போயிருப்பேன். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். என் பொய்யை நம்பி நீ ஒரு படிப்பைத் தேர்ந்தெடுத்தாய், ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்தாய். ஊர் உலகத்துக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ அந்த டாக்டரிடம் சொன்னதில் ஒன்று முழுத் தவறு. அவளுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை என்றாய். இருந்தது. அவள் விரல் சரியாகச் சொன்னது. உங்கள் கண்ணாடி இழை செய்கிற வேலையை அந்த விரல் பிசகில்லாமல் செய்தது. அவள் வந்து என்னிடம் சொன்னாள். கேட்க வேண்டியவன்தான் லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன், தப்பாக இருந்தால் திருத்து. இழைக்கு அழுத்தமும் தெரியும், சூடும் தெரியும். இரண்டையும் அதற்குப் பிரிக்கத் தெரியாது. அதற்காகச் சூட்டை மட்டும் அளக்க இன்னொரு இழை வைத்து, அதைக் கழித்துக்கொள்கிறீர்கள். ஆனால் பக்கத்திலேயே ரத்தத்தை நிறுத்தச் சதையைச் சுடுகிற கருவியை வைக்கும்போது நுனி சட்டென்று சூடாகிறது. இரண்டாவது இழை அதைக் கண்டுகொள்ளச் சில நொடி பிந்துகிறது. அழுத்தத்தால் ஒரு பக்கம் போக வேண்டிய நிறம் சூட்டால் மறுபக்கம் இழுபடுகிறது. ஆக, கோடு பச்சையிலேயே நிற்கிறது. பன்றியை வைத்துச் செய்த சோதனையில் அந்தச் சில நொடியில்தான் ஈரல் கிழிந்தது. சோதனை செய்த டாக்டர் பச்சையை நம்பி அழுத்தினார். இதைக் கண்டுபிடித்தது நீ. வேறு யாரும் அல்ல.

அந்த டாக்டரைப் பற்றி நீ இன்னொன்றும் சொன்னாய். "அவரே சொல்றாருப்பா, அழுத்திட்டேனோ என்னவோன்னு. அப்புறம் எழுதுறதுல என்ன தப்பு?" என்னைச் சாப்பாட்டை விட்டு எழுப்பியது அந்த வார்த்தைதான்.

உன் பக்க நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. நீ அதையும் சொன்னாய். இது தள்ளிப்போனால் கருவி வர இன்னும் ஒரு வருடம் ஆகலாம், அதுவரைக்கும் எத்தனையோ டாக்டர்கள் ஒன்றும் தெரியாத கம்பியை வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள், அதிலும் சதை கிழியும், அந்தக் கணக்கை யார் பார்ப்பது என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். உனக்கு வேலை போனால் நான் என்ன சொல்லித் தேற்றுவேன் என்றும் தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். விரலுக்கு ஒன்றும் தெரியாத டாக்டர் பயந்து பயந்து பிடிப்பார். பச்சைக் கோட்டைப் பார்க்கிற டாக்டர் நம்பிப் பிடிப்பார். நீ அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் சூட்டைப் பற்றிக் கேட்க இனி யாருக்கும் காரணம் இருக்காது. அடுத்த மாடலில் சரிசெய்வோம் என்கிறார் உன் மேனேஜர். சீசன் முடியட்டும், இனிமேல் மருந்தை மிச்சம் வைக்கவே கூடாது என்று நானும்தான் நினைத்தேன்.

அவளிடம் சொல்லாமல் உனக்கு இதை எழுதுவது இன்னொரு திருட்டு என்று பட்டது. நேற்றுக் காலை பஸ் ஏறி ஆமத்தூருக்குப் போனேன். சண்முகத்தாய் வாசலில் மல்லி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால்தான் துழாவுகிறாள். "வாங்க அண்ணாச்சி! எம்புட்டு நாளாச்சு. வீட்ல எல்லாரும் நல்லாருக்காகளா? ஒங்க மக பெரிய இன்ஜினீயராமே!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். இங்கே எழுதியிருக்கிறதை இதே வரிசையில் சொன்னேன். அவள் துழாவுவதை நிறுத்தவில்லை. 

"அப்ப நான் அழுத்தலையா அண்ணாச்சி?"

"இல்லத்தா."

"நெசமாவா?"

"பழைய மருந்து. நாந்தான் எடுத்து வச்சிருந்தேன். நீ வந்து சொன்ன, நான் கேக்கல."

அவள் எழுந்தாள். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "எல்லாரும் சொல்லச் சொல்ல, நான் அழுத்துன மாதிரியே எனக்கு நெனப்பு வந்துருச்சு. கட்டைய ஓங்குனது, குத்துனது, எல்லாம் கண்ணுல தெரியும். ஏம் பேத்திக்கு ஒன்றரை வயசாகுது. மருமக கையில குடுப்பா. நான் இடுப்புல இறுக்கி வச்சதே கெடையாது. அழுத்திப்புடுவேனோன்னு பயம். ஏங் கைய நானே நம்பல" என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். அதுவரை நீங்க என்று பேசியவள், "இதச் சொல்ல ஒமக்குப் பதினாறு வருசமா வேணும்?" என்று கேட்டாள்.  

"எழுதிக் குடும்" என்றாள். உள்ளே போய்க் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தாள், பேனாவும் கொண்டு வந்தாள். "ஏம் பேரப் போட்டு எழுதும். ஒம்ம மகளுக்கு எழுதுறதுலயும் பேரப் போட்டே எழுதும். ஊருக்குத் தெரியட்டும்." நாற்காலியின் மேல் தாளை வைத்துக் குனிந்து எழுதினேன். சண்முகத்தாய் அழுத்தவில்லை, மருந்து கெட்டிருந்தது, அவள் சொல்லியும் நான் கேட்கவில்லை என்று மூன்று வரி. சத்தமாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "பக்கத்து வீட்டுக்குக் கேக்கல" என்றாள். மறுபடி வாசித்தேன். எதிர்வீட்டில் ஒரு பெண் கையில் கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். மூன்றாவது முறையும் வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன்.

கடைசியில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதிக் கொடுத்தேன். அவள் தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போம்" என்றாள். போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

என்னுடைய கையெழுத்து பதினாறு வருடம் பிந்திவிட்டது, தாயி. உன்னுடையதற்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

அப்பா